குச்சி ஏன் வேர்பிடிக்கவில்லை? மலைவீட்டுக் கட்டிங்குகளுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

நீலகிரியில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கையில் ஒரு ஜெரேனியம் கொம்போ ஹைட்ரேஞ்சியா தண்டோ இல்லாமல் வருவது அரிது. ஹட்டி (படகர் ஊர்) வீடுகளின் முற்றத்தில் டின்களிலும் டப்பாக்களிலும் நிற்கிற செடிகள் முக்கால்வாசி இப்படி ஒருவர் ஒடித்துக் கொடுத்து இன்னொருவர் நட்டு வந்தவைதான். ஆனால் ஆசையாகக் கொண்டுவந்து நட்டவற்றில் நிறையக் குச்சிகள் வேர்பிடிக்காமலே போய்விடுகின்றன. "எனக்குக் கைராசி இல்லை" என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாகிற குச்சி, தனக்கு என்ன குறை என்பதைக் காட்டிவிட்டுத்தான் சாகிறது. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் அடுத்த குச்சியைக் காப்பாற்றலாம். பல சமயம் அதே குச்சியையே காப்பாற்றிவிடலாம்.

முதலில், கோளாறு எந்தப் பக்கம் தொடங்கியது?

ஒடித்த நொடியிலிருந்து குச்சிக்கு வேர் கிடையாது, இலை மட்டும் உண்டு. இலை தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அடிவெட்டு கொஞ்சம்தான் உறிஞ்சும். வேர் வரும்வரை இந்த வரவு செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். அதோடு, வெட்டுவாய் என்பது திறந்த காயம். அங்கே ஈரமும் அழுக்கும் தங்கினால் பூசணம் நுழைந்துவிடும். கடைசியாக, வேர் உண்டாவதற்கு அடிப்பகுதியில் கதகதப்பு வேண்டும்.

ஆகவே கோளாறு மேலிருந்து தொடங்கினால், அதாவது இலை தொங்கிச் சுருண்டால், தண்ணீர் பற்றவில்லை. கீழிருந்து தொடங்கினால் அழுகல். மேலேயும் மாற்றமில்லை, கீழேயும் மாற்றமில்லை, குச்சி நட்டபடியே நிற்கிறது என்றால் பெரும்பாலும் குளிர்.

இதை முடிவு செய்யாமல் கையில் தண்ணீர்க் குவளையை எடுக்காதீர்கள். வாடிய குச்சிக்கும் அழுகிய குச்சிக்கும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும், மற்றொன்றுக்குத் தண்ணீர்தான் விஷம். மண் மட்டத்தில் தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வாட்டம். கொழகொழவென்று நசுங்கினால் அழுகல். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னை, மதுரைக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே பலன் கிடைக்காது. அங்கே வெயிலும் சூடும் எதிரி. அதனால் நிழலில் வை, மூடி வை, தினமும் தெளி என்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850. இங்கே ஜூலையில் மஞ்சு (மூடுபனி) வீட்டுக்குள்ளேயே வரும், ஜனவரியில் பகல் காற்று வறண்டு கிடக்கும், ராத்திரி உறைபனி விழும். மாதம் மாறினால் வைத்தியமும் மாறும்.

நட்ட அன்றோ மறுநாளோ இலை தொங்குகிறது, தண்டு கெட்டியாக இருக்கிறது

வரவைவிடச் செலவு அதிகம். முதலில் இலையைக் குறையுங்கள். ஹைட்ரேஞ்சியாதான் இதில் பெரிய குற்றவாளி. உள்ளங்கை அகல இலைகளை அப்படியே விட்டு நடுகிறார்கள். மேல் ஜோடி இலை மட்டும் போதும். அதையும் கத்தரியால் குறுக்கே பாதியாக நறுக்கிவிடுங்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் குச்சி நிமிர்ந்துவிடும். ரோஜாவுக்கு உச்சியில் ஒன்றிரண்டு இலை இருந்தால் போதும்.

அடுத்து, எப்போது ஒடித்தீர்கள்? மத்தியானம் விருந்துக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி வெயிலில் ஒடித்த கொம்பு ஏற்கெனவே பாதி வறண்டது. விடிகாலையில் பனி ஈரம் காய்வதற்குள் ஒடித்தால் தண்டு முழுக்கத் தண்ணீர் இருக்கும். தூரத்திலிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றால் ஈரத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு வந்தால் காற்றே அதை முடித்துவிடும்.

பிறகு மூடி. தண்ணீர் பாட்டிலை இரண்டாக வெட்டிக் கவிழ்க்கச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான். வாய் அகலமான பழைய கண்ணாடி ஜாடி அதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மூடி கட்டாயம் வேண்டும். ஜாடியை நேர் வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மலை வெயில் குளிரக் குளிர இருப்பதுபோல் தெரியும். கண்ணாடிக்குள் அது இலையை வேகவைத்துவிடும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னல் சரியான இடம்.

ஒரே நாளில் தொங்கிய குச்சியை உடனே எடுத்து, அடியில் ஒரு விரற்கடை அளவுக்குப் புதிதாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுத்தளவு நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். இலை மொரமொரப்பாகிவிட்டிருந்தால் தேறாது.

அடி கறுத்துக் கூழாகிறது

எனக்குத் தெரிந்து அதிகம் குச்சிகள் சாவது இதில்தான், அதுவும் அன்பால். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கேட்டார்: "தினமும் காலையில சாயங்காலம் தண்ணி ஊத்துறேனே, அப்புறம் ஏன் தம்பி இப்படி ஆகுது?" காரணம் அதுவேதான் அக்கா.

கறுப்பு கீழே வெட்டுவாயில் தொடங்கி மேலே ஏறும். குச்சியைப் பிடுங்கி மூக்கருகே வைத்தால் புளித்த வாடை வரும். ஜெரேனியத்தில் இது மிக வேகம்; மண்ணிலிருக்கும் பித்தியம் என்கிற பூசணம் ஏறி, தண்டு கரிக்கட்டை நிறத்தில் பளபளவென்று ஆகிவிடும். அந்த நிலையில் இருக்கும் குச்சியைத் தொட்ட கையோடு அடுத்த தொட்டியைத் தொடாதீர்கள்.

காப்பாற்ற வழி உண்டா என்றால், கறுப்புக்கு மேலே நல்ல பச்சைத் தண்டு இரண்டு கணு அளவுக்காவது மிச்சம் இருந்தால் உண்டு. புது பிளேடால், கறுப்பு முடிந்த இடத்துக்கு மேல் தாராளமாக விட்டு வெட்டுங்கள். வெட்டின முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பாக ஒரு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். முழுக்க வெளிர்பச்சையாகத் தெரிகிறவரை நிறுத்தக் கூடாது. அதன்பின் புது மணலில் நடுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

ஜெரேனியத்துக்கு மட்டும் தனி விதி. ஒடித்தவுடன் நடாதீர்கள். நிழலில் அரை நாள், மழைக்காலமானால் ஒரு நாள், அப்படியே போட்டுவையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். இலை கொஞ்சம் துவளும், பயப்பட வேண்டாம்; அந்தத் தண்டு தனக்கு வேண்டிய தண்ணீரை உள்ளேயே வைத்திருக்கிறது. அதற்கு ஜாடியும் கவிழ்க்கக் கூடாது. ரோஸ்மேரியும் ஏறக்குறைய இதே குணம்தான், வறட்சியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. ஆனால் அதைக் காயப்போட வேண்டியதில்லை.

மண்ணுக்கு வருவோம். நம் செம்மண் தேயிலைக்கு நல்லது, உருளைக்கிழங்குக்கு நல்லது, கேரட்டுக்கு நல்லது. வேரில்லாத குச்சிக்கு அது தனியாக ஆகாது. தண்ணீர் பட்டதும் இறுகி, காற்று புகாமல் அடைத்துக்கொள்ளும். சலித்த மணல் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, இவ்வளவுதான் கலவை. எம்-சாண்ட் வாங்கினால் தண்ணீரில் அலசி, மாவு போன்ற தூசு போகிறவரை வடித்துவிடுங்கள். சாணி, மண்புழு உரம், காய்கறிக் கழிவு, டீத்தூள் சக்கை எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். வேர் இல்லாதபோது உரத்தைச் சாப்பிட ஆளே இல்லை. சாப்பிடுவது பூசணம் மட்டும்தான். கலவைமேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு நட்டால் இன்னும் நல்லது.

ஈரம் எவ்வளவு? கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. தாரையாக ஒழுகினால் அதிகம். நடும்போது ஒருமுறை ஊற்றியபின், மேல்மண் காய்கிறவரை ஊற்றக் கூடாது. மழை மாதங்களில் அது பல நாட்களாகலாம்.

வேர் ஊக்கிப் பொடியாலும் அடி கறுக்கும். பச்சைத் தண்டுக்கு 0.1 சதவீதம் ஐ.பி.ஏ. (அந்தப் பொடியில் வேரை வரவைக்கும் மருந்து) போதும், ரோஜா மாதிரி அரைகுறையாக முற்றிய தண்டுக்கு 0.3, நன்றாக முற்றிய கட்டைக்கு 0.8. கட்டைக்கு உரிய பொடியில் ஃபூஷியாவின் இளந்தண்டைத் தோய்த்தால் அடி வெந்துபோகும். இது அழுகலிலிருந்து வேறுபடும்: கறுப்பு மேலே ஏறாது, வாடை வராது, பொடி பட்ட இடத்தோடு நிற்கும். தேவையான பொடியைத் தனியாக ஒரு காகிதத்தில் கொட்டித் தோய்த்து, குச்சியைத் தட்டிவிட்டு நடுங்கள். டப்பாவுக்குள்ளேயே ஈரக் குச்சியை விட்டால் மொத்தப் பொடியும் கெடும். தேன், மஞ்சள், பட்டைத்தூள் என்று பலரும் கேட்கிறார்கள். அவை வேரை வரவைப்பதில்லை. ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடு அவை எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து. கத்தரிக்கோலும் வேண்டாம், அது தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

இலையிலும் காம்பிலும் சாம்பல் நிறப் பஞ்சு

தென்மேற்குப் பருவமழை நாட்களின் நோய். வாரக்கணக்கில் மஞ்சு மூடி, துணி காயாமல் கிடக்கும் அந்த நாட்களில் குச்சிமேல் ஜாடி கவிழ்த்தால் உள்ளே நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். உதிர்ந்த பூவிதழோ பழுத்த இலையோ மண்மேல் கிடந்தால் சாம்பல் பூசணம் அதில் பிடித்து, பிறகு தண்டுக்கு ஏறும்.

ஜாடியை எடுத்துவிடுங்கள். ஜூலையில் ஊட்டிக் காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது. பூசணம் பட்ட இலையைக் காம்போடு கிள்ளி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். குச்சிகளை ஒன்றோடொன்று இலை உரசாமல் தள்ளி வையுங்கள். தெளிப்பானை அந்த இரண்டு மூன்று மாதம் தூக்கி வைத்துவிடலாம். இதே காலத்தில் இலை ஓரம் கடிபட்டு, மண்மேல் வெள்ளி மாதிரி பளபளக்கும் தடம் தெரிந்தால் அது ஓடில்லாத நத்தை. ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான்.

பச்சையாகவே நிற்கிறது, வேர் மட்டும் இல்லை

பொறுமையைச் சோதிக்கும் அறிகுறி இது. வாடவில்லை, அழுகவில்லை, ஆனால் எடுத்துப் பார்த்தால் அடி நட்ட மாதிரியே இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குச்சி வைக்கிறவர்களுக்கு இது சகஜம்.

பெரும்பாலான பூச்செடிகளுக்கு அடிமண் 20 முதல் 24 டிகிரி இருந்தால் வேர் சுறுசுறுப்பாக வரும். 15-க்குக் கீழே போனால் மந்தமாகும். 10-க்குக் கீழே அநேகமாக நின்றுவிடும். அறைக்குள் பகலில் 18 டிகிரி இருந்தாலும், ஜன்னல் விளிம்பில் வைத்த தொட்டியின் மண் விடியற்காலையில் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு தெர்மாமீட்டரை மணலில் செருகி, காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் குச்சி ஏன் சும்மா நிற்கிறது என்று புரிந்துவிடும்.

சூடு கொடுக்கச் செலவு செய்ய வேண்டியதில்லை. மீன் மார்க்கெட்டில் சமவெளியிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டி கிடைக்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, தொட்டிகளை அதற்குள் அடுக்குங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சொம்பில் வெந்நீர் நிரப்பி மூடி, நடுவில் வையுங்கள். பெட்டி மூடியை முக்கால்வாசி சாத்துங்கள். காலையில் மூடியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். விறகடுப்பு எரியும் வீடுகளில் அடுப்புச் சுவரின் மறுபக்கம் நல்ல இடம். அடிமண் சூடாகவும் உச்சி குளிராகவும் இருப்பது குச்சிக்கு மிகவும் பிடித்த நிலை. உச்சி துளிர்க்காமல் அடியில் வேர் வரும். குளிர்ந்த ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி இது, சமவெளியில் இதைக் கொண்டுவர முடியாது.

ஊற்றும் தண்ணீரும் முக்கியம். ஜனவரிக் காலையில் குழாய்த் தண்ணீர் கையை விறைக்கவைக்கும். அதை நேராக ஊற்றினால் ராத்திரி முழுக்கச் சேர்த்த சூடு ஒரே நிமிடத்தில் போய்விடும். சமையலறையில் பிடித்து வைத்து, மத்தியானம் ஊற்றுங்கள்.

இனி, எடுத்துப் பார்த்தபோது அடியில் வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு முண்டு கட்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள். அதுதான் காலஸ், காயம் ஆறிய தழும்பு. ரோஜாவில் பெரும்பாலும் முதலில் அது வரும், வேர் பிறகு. அந்த நேரத்தில் வாரம் ஒருமுறை பிடுங்கிப் பார்த்தால் வருகிற வேரையும் ஒடித்துவிடுவீர்கள். சந்தேகம் என்றால் லேசாக மேலே இழுத்துப் பாருங்கள். மண் பிடித்து இழுத்தால் வேர் இருக்கிறது.

முண்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே போய், வேர் வராமல் இருப்பது வேறு விஷயம். தேயிலைக் கட்டிங் போடும் சிறுவிவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு இலையும் ஒரு கணுவும் மட்டும் வைத்து வெட்டும் தேயிலைக் குச்சிக்கு மண்ணின் கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் முண்டு ஊதும், வேர் வராது. நர்சரிகளில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணைச் சலித்து எடுப்பதும், அதில் அலுமினியம் சல்ஃபேட் கரைசல் ஊற்றுவதும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஊதிய முண்டை பிளேடால் சீவிவிட்டு, சரியான மண்ணில் திரும்ப நட்டால் வேர் வரும். கட்டட வேலை நடந்த இடத்து மணலில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்திருக்கும். தேயிலைக்கும் கமேலியாவுக்கும் அசேலியாவுக்கும் அதைத் தொடவே தொடாதீர்கள்.

குளிரும் இல்லை, மண்ணும் சரி என்றால் தண்டைச் சந்தேகப்படுங்கள். ரோஜாவில் பூத்து முடிந்த கொம்பு, பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம் சரியாக இருக்கும். முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் டக்கென்று ஒடிந்து விழ வேண்டும். வளைந்தால் இன்னும் பிஞ்சு. பன்னீர் ரோஜாவும் கொடிரோஜாவும் சுலபமாக வேர்விடும். பெரிய பூப் பூக்கும் கடை ரகங்கள் குச்சியில் அடம் பிடிக்கும். அவற்றை வேறொரு ரோஜாச் செடியின்மேல் மொட்டுக்கட்டித்தான் (மொட்டை வைத்து ஒட்டுப்போட்டு) விற்கிறார்கள். இலையில்லாத ரோஜாக் குச்சி அப்படியே நின்றால் தலைகீழாக நட்டிருக்கவும் வாய்ப்புண்டு. மேல்வெட்டை நேராகவும் அடிவெட்டைச் சாய்வாகவும் வெட்டிப் பழகினால் இந்தக் குழப்பமே வராது.

துளிர் வந்தது, பத்து நாளில் வாடிவிட்டது

துளிரைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும் தண்டில் சேர்த்துவைத்த சத்தை வைத்தே துளிர்க்கும். அந்தச் சத்து தீர்ந்ததும் துளிர் தொங்கும். அதற்குள் நாம் ஆசையாக ஜாடியை எடுத்து, பெரிய தொட்டிக்கு மாற்றி, வெயிலிலும் வைத்திருப்போம்.

துளிர் வந்தால் ஒன்றும் செய்யாமல் இருங்கள். மூடியிருந்தால் மூடியே இருக்கட்டும். துளிர் வாடத் தொடங்கிவிட்டால், அதை ஒரு இலை மட்டும் விட்டுக் கிள்ளி, மறுபடி மூடி, அடிச்சூடு கொடுங்கள். இரண்டாவது தலைமுறை இலை விரிந்து, அதன் நிறம் கரும்பச்சையாகத் திரும்பியபின் நம்பலாம்.

குச்சியே மொட்டு விடுகிறது

கிள்ளுங்கள். ஃபூஷியாவில் இது அடிக்கடி நடக்கும், ஜிமிக்கி மாதிரி தொங்குகிற அந்தப் பூவைக் கிள்ள மனசு வராது. வேர் வருகிறவரை பூ வேண்டாம். அடுத்த முறை மொட்டில்லாத பக்கக் கொம்பாகப் பார்த்து ஒடியுங்கள்.

இலை மஞ்சளாகிறது, அல்லது நுனி கருகுகிறது

அடியிலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளாகி விழுந்தால் கவலையில்லை, குச்சி அதிலிருந்த சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எல்லா இலையும் சேர்ந்து வெளுத்தால் வெளிச்சம் பற்றவில்லை, அல்லது அடியில் அழுகல். விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனைக்குத் திரும்புங்கள். இலை பச்சையாக இருந்து நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால் நார்க்கழிவில் இருக்கும் உப்பு காரணம். கட்டியாக விற்கும் நார்க்கழிவை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் தெளிவாக வருகிறவரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். தொட்டியைத் தட்டினால் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்தால், அவற்றின் புழு மண்ணுக்குள் இளவேரைத் தின்கிறது. மேலே ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்த மணல் போட்டு, தண்ணீரைக் குறைத்தால் போய்விடும்.

தண்ணீரில் வேர் வந்தது, மண்ணில் வைத்ததும் செத்தது

கண்ணாடி டம்ளரில் குச்சி போட்டு, வேர் நூல் நூலாக இறங்குவதைப் பார்ப்பது மனசுக்கு நிறைவாக இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் செய்து காட்ட வேண்டிய ஒன்று. ஆனால் தண்ணீரில் வந்த வேர் சட்டென்று ஒடியும், மண் துகளைப் பற்றிக்கொள்ளப் பழகியிராது. டம்ளரில் நீளமாக வளர்ந்து சுருண்டுபோன வேரோடு மண்ணுக்குப் போனால் அதில் பெரும்பகுதி செத்து, குச்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வேர் ஒரு அங்குலம் ஆனதும் மாற்றிவிடுங்கள். முதல் வாரம் மண்ணை வழக்கத்தைவிட ஈரமாக வைத்து, ஜாடியால் மூடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். டம்ளர் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவதும், மூழ்கும் இலைகளை உருவிவிடுவதும் தெரிந்ததுதான். ஃபூஷியா, ஹைட்ரேஞ்சியா, புதினா இதற்கு ஒத்துவரும். ரோஜாவை மணலிலேயே வையுங்கள்.

வேர்பிடித்த செடி, வெளியே வைத்ததும் போய்விட்டது

ஒரே ராத்திரியில் இலை கறுத்து, வேகவைத்த கீரை போல் தொங்கினால் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் மாதிரிப் பள்ளமான இடங்களில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும். மேட்டு வீட்டில் பிழைக்கும் செடி பள்ளத்து வீட்டில் சாகும். அந்த மூன்று மாதம் புது வேர்ச்செடியை வெளியே நடாதீர்கள். ஏற்கெனவே நட்டாகிவிட்டது என்றால் சாயங்காலமே மூடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் கூடாரம் மாதிரி மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பழைய சாக்கு போதும், இலைமேல் படாமல் நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். கறுத்துப்போன நுனிகளை உடனே வெட்ட வேண்டாம். அவை அடியில் இருக்கும் பச்சைக்குப் போர்வையாக இருக்கட்டும், மார்ச்சில் வெட்டலாம்.

பனி இல்லாத மாதத்தில் செத்தால் பழக்காமல் வெளியே வைத்ததுதான் காரணம். முதலில் சிறிய தொட்டி. செம்மண், இலைமக்கு, மணல் சம அளவு. ஒரு வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதற்குப் பிறகுதான் தரை. உரம் புது இலை இரண்டு ஜோடி வந்தபின்.

செடி பிழைத்தது, பூ மட்டும் வேறு

ரோஜாவில் இப்படி நடந்தால், கொம்பு ஒட்டுக்குக் கீழேயிருந்து எடுக்கப்பட்டது. மலைப் பகுதிகளில் மல்டிஃப்ளோரா என்கிற காட்டு ரோஜாவின் மேல்தான் நல்ல ரகங்களை மொட்டுக்கட்டுகிறார்கள். அதன் அடியிலிருந்து வீச்சாகக் கிளம்பும் கொம்பு தடியாகவும் தளதளவென்றும் இருப்பதால் கை அதற்கே போகும். வேரும் சுலபமாக விடும், பூப்பது மட்டும் கொத்துக் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூ. தாய்ச்செடியின் அடியில் முண்டு மாதிரி இருக்கும் ஒட்டு இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே ஒடியுங்கள். வந்துவிட்ட செடியைத் தூக்கிப் போட வேண்டாம், அதன்மேல் நீங்களே மொட்டுக்கட்டிப் பழகலாம்.

ஹைட்ரேஞ்சியாவில் குச்சியின்மேல் குறை இல்லை. குன்னூரில் நீலமாகப் பூத்த செடியின் கொம்பு உங்கள் தொட்டியில் ரோஸ் நிறத்தில் பூத்தால், மண்தான் காரணம். நம் மலை மண் புளிப்பானது, அதில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். கடையில் வாங்கிய தொட்டிக் கலவையிலோ சிமெண்ட் தொட்டியிலோ அந்தப் புளிப்பு குறைந்துவிடும். தொட்டியை மாற்றி, தோட்டத்துச் செம்மண்ணும் இலைமக்கும் போட்டு, மொட்டு கட்டுவதற்கு முன்பிருந்தே மாதம் ஒரு முறை சிறு துண்டு படிகாரத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அந்த வருடப் பூ முழுதாக மாறாமல் ஊதாவில் நிற்கலாம்; அடுத்த வருடம் நீலம் வரும். வெள்ளை ரகங்கள் மட்டும் எந்த மண்ணிலும் நீலமாவதில்லை.